பாயிண்ட் சார் சொன்ன தூரம்

அந்தப் பக்கம் பாக்காத தாயி. ரோட்டுக்கு முதுகக் காட்டி, இப்படி என்னப் பாத்து உக்காரு. எதுக்குன்னா, எதிர்ல வேப்பமரத்துல ஒரு தகரப் பலகை தொங்குது. படிக்கத் தெரிஞ்சவங்க யாரு வந்தாலும் மொத வேலையா அதைத்தான் படிக்கிறாங்க. படிச்ச உடனே தொப்புன்னு உக்காந்துர்றாங்க. பசிச்சு உக்காந்தா எனக்குச் சந்தோஷம். மனசு விட்டுப்போயி உக்காந்தா அது எனக்கு ஆகாது.

காலைக் காட்டு. ம், ரெண்டு கொப்புளம். ஒண்ணு உடைஞ்சே போச்சு. காரைக்குடிப் பக்கம் இருந்தா வர்ற? ஆறு நாளா நடக்குறியா? கூட வந்தவங்க முன்னாடி போயிட்டாங்களா? போகட்டும், பழனி எங்கயும் ஓடிப்போயிடாது. இன்னும் எம்புட்டு தூரம்னு கேக்கத்தானே வாயத் தொறந்த? அஞ்சு கிலோமீட்டர். அஞ்சே அஞ்சு. இந்நேரம் மலை தெரியணும், பனி மூடிக்கிட்டு இருக்கு. இந்தா, சட்னி ஊத்திக்க.

எதுக்குச் சிரிக்கிற? முன்னாடி வந்த ஊர்லயும் அஞ்சுன்னுதான் சொன்னாங்களா? அதுக்கு முன்னாடி கரும்புச்சாறுக்காரனும் அஞ்சுன்னானா? சொல்லியிருப்பாங்க. இந்த ரோட்டுல எங்க நின்னு கேட்டாலும் அஞ்சுதான். அதைப் பொய்யின்னு நினைச்சுக்காத. அது ஒரு முறை.

என் பேரு காளீஸ்வரி. இட்லிக்கடை அக்கான்னா தைப்பூசத்துக்கு நடக்கிற சனங்க அத்தனை பேருக்கும் தெரியும். இருபது வருஷமா இந்தக் கடை. சரி, பதினேழு வருஷம். எனக்கு வயசு அம்பது. ரேஷன் கார்டுல அம்பத்தாறுன்னு இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல பெருசா என்ன இருக்கு சொல்லு. நாளைக்கு எம்புட்டு மாவு ஆட்டணும்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம். சாயங்காலம் ரோட்டுல நின்னு பச்சை வேட்டி எவ்வளவு தூரத்துக்குத் தெரியுதுன்னு ஒரு பார்வை பாப்பேன். ஒரு முந்நூறு பேருன்னு தோணும். முந்நூறுக்குப் போடுவேன். இருநூத்தி எழுபது பேரு வருவாங்க, மிச்சத்தை மாடு திங்கும். இதுவரைக்கும் மாடும் குறை சொன்னதில்ல.

தூரமும் அப்படித்தான். ஒருத்தரு வந்து எம்புட்டு தூரம்னு கேட்டா, நான் ரோட்டைப் பாக்க மாட்டேன். அவங்க காலைப் பாப்பேன். கால் வீங்கியிருந்தா அஞ்சு. காவடி தூக்கிட்டு வந்தா நாலரை. சின்ன வயசுப் பயலுக, செருப்பு போட்டுக்கிட்டு போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு வந்தா ஆறுன்னு சொல்லுவேன், நடக்கட்டும். ஆனா பொதுவா அஞ்சுதான். நாலுன்னா, எங்க அளந்தீங்கன்னு திருப்பிக் கேப்பாங்க. ஏழுன்னா உக்காந்துருவாங்க. அஞ்சுன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்கறதில்ல. தலைய ஆட்டிட்டு எழுந்திரிச்சுப் போவாங்க. அஞ்சு முடிஞ்சும் பழனி வரலைன்னா, அங்க ஒருத்தன் இருப்பான், அவன் ஒரு அஞ்சு சொல்லுவான். இப்படிக் கைமாத்திக் கைமாத்திக் கொண்டுபோயி அடிவாரத்துல இறக்கிவிட்டுருவோம். பதினேழு வருஷத்துல ஒருத்தன்கூட திரும்பி வந்து என் சட்டையப் பிடிச்சதில்ல. சாமிய பாத்தப்புறம் யாருக்கு என் ஞாபகம் வரும்?

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்த ரோட்டுலதான் பாயிண்ட் சார் வந்து சேந்தாரு.

நாகரத்தினம்னு பேரு. ரோடு ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் தவறிப்போச்சு, மகன் வெளியூர்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி எதிர்த்த வீட்ட வாங்கிக்கிட்டுக் குடி வந்தாரு. வந்த அன்னைக்கே என் கடையிலதான் சாப்பாடு. மூணு இட்லின்னாரு. நான் நாலு வச்சேன். ஒண்ணைத் தட்டோட ஓரத்துல தள்ளி வச்சுட்டு, 'மூணுதான்மா கேட்டேன்'னாரு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அவருகிட்ட ஒரு சக்கரம் உண்டு. சின்ன சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கும், நீளமா ஒரு கைப்பிடி, கைப்பிடியில நம்பர் ஓடும். அதைத் தள்ளிக்கிட்டு நடந்தா டிக் டிக்குனு சத்தம் கேக்கும். எத்தனை அடி நடந்தாலும் சொல்லிப்போடும். காலையில காபித்தண்ணி குடிக்கிறாரோ இல்லையோ, சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுக் கிளம்பிருவாரு. 'உங்க கடையில இருந்து பால் பூத்துக்கு ஜீரோ பாயிண்ட் நாலும்மா' ம்பாரு. நான் கேட்டனா? எதைச் சொன்னாலும் ஒரு பாயிண்ட் வச்சுத்தான் சொல்லுவாரு. காய்ச்சல் எவ்வளவு சார்னு கேட்டா நூத்தி ஒண்ணு பாயிண்ட் ரெண்டு. மழை எவ்வளவுன்னு கேட்டா அதுக்கும் ஒரு பாயிண்ட். சட்டைப்பையில சின்ன நோட்டு ஒண்ணு வச்சிருப்பாரு, எல்லாம் அதுல ஏறிரும். அதான் பாயிண்ட் சார்னு பேரு வச்சேன். நான் வச்ச பேருதான், இப்ப பஸ் கண்டக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுறாங்க.

மொத வருஷம் தை மாசம், நான் நடந்து வர்றவங்களுக்கு அஞ்சு சொல்றதை அவரு கேட்டுக்கிட்டே இட்லி தின்னாரு. நாலு நாள் பொறுத்தாரு. அஞ்சாம் நாளு கையக் கழுவிட்டு வந்து நின்னாரு.

'அம்மா, பதிமூணு பாயிண்ட் ஆறு கிலோமீட்டரை அஞ்சுன்னு சொல்றீங்களே, அது எந்தக் கணக்கும்மா?'

ஐயையோ. காதுல விழுந்துருச்சா தாயி? பலகைய மறைச்சு உக்கார வச்சுட்டு வாயால உளறிட்டேன் பாரு. சரி, விழுந்தது விழுந்துருச்சு. அவருக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்றேன், கேட்டுக்க. பதிமூணு பாயிண்ட் ஆறுல அந்தப் பாயிண்ட்ட யாரு நடக்கப் போறா, அதைத் தள்ளு. பதிமூணு. பதிமூணை யாரும் பதிமூணுன்னு சொல்ல மாட்டாங்க, பத்துன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பத்துல பாதி தூரம் புளியமர நிழல். நிழல்ல நடக்கறது ஒரு நடையா? அது தானாப் போயிரும். அதைக் கழிச்சா அஞ்சு. கணக்கு சரியா இருக்கா இல்லையா?

'உண்மையான தூரம் தெரிஞ்சாத்தாம்மா எவ்வளவு தண்ணி எடுத்துட்டுப் போகணும், எங்க உக்காரணும்னு யோசிப்பாங்க'ன்னாரு. 'யோசிக்கிறவங்க வீட்டுலயே இருந்துருவாங்க சார்'னேன்.

அடுத்த வாரம் வந்து இன்னொண்ணு சொன்னாரு. யாரோ ஒருத்தரு, அஞ்சு கிலோமீட்டர்தானேன்னு தண்ணி பாட்டிலே இல்லாமப் போயி, எட்டாவது கிலோமீட்டர்ல மயங்கி விழுந்துட்டாராம். அதுக்கு நான் என்ன செய்யட்டும்? அவரு விழுந்தது வெயிலுக்கு. நான் சொன்ன நம்பருக்கா விழுந்தாரு? அதுவும் பாத்துக்க, எட்டு வரைக்கும் போயிருக்காரு. பதிமூணுன்னு சொல்லியிருந்தா எட்டு எங்க போறது, என் கடை வாசலத் தாண்டியிருக்க மாட்டாரு.

அதுக்கப்புறம்தான் அந்தப் பலகை வந்துச்சு. அவரே தகரம் வெட்டி, வெள்ளை பெயிண்ட் அடிச்சு, கறுப்புல எழுதி, அவரு வீட்டு வேப்பமரத்துல ரோட்டப் பாத்து மாட்டிட்டாரு. 'பழனி அடிவாரம் 13.6 கி.மீ.' அன்னைக்குப் பாக்கணுமே. வர்றவங்க எல்லாரும் படிக்கிறாங்க, முருகான்னு உக்காந்துர்றாங்க. ஒரே காலையில இருபது பேரு பஸ்ஸுக்குக் கையக் காட்டிட்டாங்க. 'இருபது இல்லம்மா, ஒம்போது'ன்னு அவரு நோட்டப் பாத்துச் சொல்றாரு. நூத்து அம்பது கிலோமீட்டர் நடந்து வந்த சனங்க தாயி. கடைசியில ஒரு தகரத்தைப் படிச்சுட்டு பஸ் ஏறிப் போகுது.

எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. என்ன செஞ்சேன் தெரியுமா? இட்லித் துணிய அலசிக் கொண்டுபோயி அந்தப் பலகை மேலயே காயப் போட்டேன். அந்த மரத்தடியிலதான் நல்ல வெயில் விழுதுன்னு காரணம் சொன்னேன். அவரு சண்டை போடல. சாயங்காலம் துணிய மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து, 'நாலு துணிம்மா, எண்ணிக்கங்க'ன்னு கொடுத்துட்டுப் போயிட்டாரு. மறுநாள் பலகை ரெண்டடி மேல ஏறியிருந்துச்சு.

அதுக்கும் அசருவேனா நான்? அவரு மகனைப் பாக்க வெளியூர் போன அன்னைக்கு, முக்காலியப் போட்டு ஏறி, அடுப்புச் சாம்பலும் தேங்காநாருமா வச்சுத் தேச்சு, முன்னாடி இருந்த அந்த ஒண்ணை மட்டும் அழிச்சுட்டேன். 3.6 ன்னு நின்னுச்சு. அவருக்குப் பிடிச்ச பாயிண்ட்ட நான் தொடவே இல்ல பாத்துக்க. நான் ஒண்ணும் எழுதவும் இல்ல, இருந்ததுல ஒண்ணைக் குறைச்சேன், அம்புட்டுத்தான். ரெண்டு நாளைக்கு இந்த ரோடு திருவிழா மாதிரி இருந்துச்சு. படிக்கிறவங்க எல்லாம் அரோகரான்னு சத்தம் போட்டுக்கிட்டு ஓடுறாங்க. ஒரு கிழவரு டான்ஸே ஆடினாரு.

மூணாம் நாள் பாயிண்ட் சார் வந்துட்டாரு. பலகையப் பாத்தாரு. என் கையில கரி இருக்கான்னு பாத்தாரு. பெயிண்ட் டப்பாவ எடுத்து அந்த ஒண்ணை மறுபடியும் எழுதினாரு, முன்ன இருந்ததை விட பெருசா. எழுதி முடிச்சு பிரஷ்ஷத் துடைச்சுக்கிட்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

'நீங்க நடந்திருக்கீங்களாம்மா?'

நான் நடந்ததில்ல தாயி.

இதை உங்கிட்ட சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணாங்க. மதுரையில பெரிய ஆஸ்பத்திரி. உள்ள கொண்டுபோயி அஞ்சு மணி நேரம் கதவு தொறக்கல. அந்த வராந்தாவுல உக்காந்து வேண்டிக்கிட்டேன். முருகா, இந்த மனுஷனை உசுரோட அனுப்பிவையி, என் வீட்டு வாசப்படியில இருந்து உன் மலை வரைக்கும் செருப்பில்லாம நடந்து வர்றேன்னு. அனுப்பி வச்சுட்டான். வந்தாரு, மாவு ஆட்டினாரு, என்னோட சண்டை போட்டாரு, எல்லாம் பழையபடி. நான்தான் போகலை. தை மாசம்தான் கடையில கூட்டம், நான் போயிட்டா நடந்து வர்றவங்களுக்கு யாரு இட்லி போடுறது? அதுவும் சேவைதானே? அப்புறம், பழனி இங்கதானே இருக்கு. அஞ்சு கிலோமீட்டர். நினைச்சா நாளைக்கே போயிரலாம். இப்படி நினைச்சு நினைச்சே பதினோரு வருஷம். பஸ்ஸுல இருபது தடவை போயிருப்பேன், ஏறி உக்காந்த உடனே தூங்கிருவேன், அடிவாரம் வந்தா எழுப்பிவிடுவாங்க.

போன வருஷம் மார்கழியில அவருக்கு மறுபடியும் நெஞ்சு வலி வந்துச்சு. உரல்கிட்ட இருந்தவரு அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. மாத்திரை போட்டு வலி நின்னுச்சு, எனக்கு நடுக்கம் நிக்கலை. நான் வேண்டினதைச் செய்யலை, அதான் இவரைப் பிடிச்சு இழுக்குதுன்னு தோணிருச்சு. நீ படிச்ச பொண்ணு, அப்படியெல்லாம் இல்லம்ப. எனக்கு அப்படித்தான் தோணுச்சு. நடந்தே ஆகணும். முழுசா நடக்கணும், ஒரு அடிகூட வண்டியில போகக் கூடாது. பாதியில ஏறினா வேண்டுதல் செல்லாது, அவரும் எனக்கில்ல. இதுதான் என் மனசுல.

தை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினேன். நாத்தனாரைக் கடையில உக்கார வச்சுட்டு, செருப்பைக் கழட்டி வச்சுட்டு நடந்தேன். மூணு கிலோமீட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. எளநீக்காரன் என்னப் பாத்துட்டு, 'அக்கா நடையா, அஞ்சு கிலோமீட்டர்தான்க்கா'ன்னான். சிரிச்சுக்கிட்டேன். யாருகிட்ட சொல்றான் பாரு. இன்னும் ரெண்டு மூணு போனேன். பூக்கடைக்காரி மாரியம்மா, 'அஞ்சுதான் மதினி, எட்டி நடங்க'ங்கறா. அவளுக்கு அஞ்சு சொல்லக் கத்துக்கொடுத்ததே நான்தான் தாயி. இப்ப எனக்கே சொல்றா. எனக்குச் சிரிப்பு வரலை. அதுக்கப்புறம் பந்தோபஸ்துக்கு நின்ன ஒரு போலீஸ்காரத் தம்பிகிட்ட கேட்டேன். காக்கிச் சட்டையாச்சே, நெசத்தச் சொல்லும்னு நினைச்சேன். அதுவும் 'அஞ்சும்மா'ங்குது. எனக்கு வந்துச்சே கோவம். 'சட்டை போட்டுக்கிட்டு இப்படிப் பொய் சொல்றியே, நல்லா இருப்பியா'ன்னு ஏசிட்டேன். அந்தப் பிள்ளை முழிச்சுச்சு. காலையில இருந்து நடக்கிறேன், ஒரு கிலோமீட்டர்கூடக் குறையலை. யாரோ ரோட்டைப் பாய் மாதிரி சுருட்டி முன்னாடி இழுத்துக்கிட்டே போறாப்புல இருந்துச்சு.

அந்தத் தம்பிகிட்ட இருந்து பத்தடி தள்ளி ஒரு புங்கமரம். அதுக்கடியில உக்காந்துட்டேன். ரெண்டு காலும் உனக்கு இருக்கிறதை விட மோசம். உக்காந்தா எழுந்திரிக்க முடியலை. அந்த நேரம் பாத்து நம்ம ஊரு பஸ் வருது. கண்டக்டர் எனக்குத் தெரிஞ்ச பையன், வண்டிய நிறுத்தி, 'ஏறுக்கா, அஞ்சு நிமிஷத்துல பழனி'ங்கறான். அவனுக்கும் அஞ்சுதான் வருது. படி என் மூக்குக்கு நேரா நிக்குது. ஒரு கையத் தூக்கிக் கம்பியப் பிடிச்சா போதும். எங்க வீட்டுக்காரரு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது கண்ணு முன்னாடி வருது, ஆனாலும் என் கை தானா மேல போகுது தாயி. அதை நான் மறைக்கலை. போச்சு.

அப்பத்தான் டிக் டிக்குனு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா பாயிண்ட் சார், சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வர்றாரு. நான் வந்த வழியிலயே வர்றாரு.

'என்ன சார் இந்தப் பக்கம்?'

'புது ரோடு போட்டதுக்கப்புறம் அளக்கலைம்மா. அதான்.'

என்ன சிரிக்கிற? எனக்குத் துணையா வந்தாருங்கிறியா? சேச்சே. அந்த மனுஷனுக்கு அளக்கறதைத் தவிர வேற சோலி கிடையாது. அவரு பையில ரெண்டு தண்ணி பாட்டில் இருந்துச்சு, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டுன்னு நானும் நினைச்சேன். கணக்கு பாத்துத்தான் கொண்டு வந்திருப்பாரு. எங்க வீட்டுக்காரரு முந்தின நாள் அவரு வீட்டுக்குப் போயி என்னமோ பேசிட்டு வந்தாரு, அது வேற விஷயமா இருக்கும்.

நான் பஸ்ஸைப் போகச் சொல்லலை, கையையும் இறக்கலை. 'சார்'னேன். 'இந்த ரோட்டுல எல்லாரும் பொய்யி. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்லுவீங்க. இன்னும் எம்புட்டு இருக்கு? பாயிண்ட்டோட சொல்லுங்க. நான் அதை வச்சு முடிவு பண்ணிக்கறேன்.'

அவரு சக்கரத்துல இருந்த நம்பரைப் பாத்தாரு. அப்புறம் என் காலைப் பாத்தாரு. கண்டக்டர் விசில வாயில வச்சுக்கிட்டு நிக்கிறான்.

'ரெண்டு பாயிண்ட் ஒண்ணு'ன்னாரு.

பாயிண்ட்டோட சொல்லிட்டாரே. வெறும் ரெண்டுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ரெண்டு பாயிண்ட் ஒண்ணுன்னா அது அளந்த நம்பர். பஸ்ஸைப் போகச் சொல்லிட்டு எழுந்திரிச்சேன். அவரு பக்கத்துலயே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. கொஞ்ச தூரம் போயி, 'இப்ப சார்?'ன்னேன். 'ஒண்ணு பாயிண்ட் எட்டு.' இன்னும் ரொம்ப தூரம் போயி, 'இப்ப?' 'ஒண்ணு பாயிண்ட் ஆறு.' என்ன சார் அம்புட்டுதான் குறைஞ்சிருக்கான்னேன். 'நீங்க மெதுவா நடக்கிறீங்கம்மா'ன்னாரு. நானும் என் நடை அம்புட்டு மோசம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ரெண்டு கிலோமீட்டர் நடக்க எனக்கு மூணு மணி நேரம் ஆச்சு தாயி. உச்சி வெயில்ல அடிவாரத்துல போயி விழுந்தேன். விழுந்து அழுதேன். பதினோரு வருஷத்தையும் சேத்து அழுதேன். அவரு கொஞ்சம் தள்ளி நின்னு, நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்தாரு.

இதோட விட்டிருந்தா அந்த மனுஷனை நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன். விடலையே.

எட்டு நாள் கழிச்சுக் காலையில வந்து கடை வாசல்ல நிக்கிறாரு. உக்காரலை. மூஞ்சி ஒரு மாதிரி கறுத்துப் போயிருக்கு. 'மூணு இட்லிதானே சார், உக்காருங்க'ன்னேன். 'அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்'னாரு. 'அன்னைக்குப் புங்கமரத்தடியில நான் சொன்னது சரியில்ல. ரெண்டு பாயிண்ட் ஒண்ணு இல்லம்மா. அஞ்சு பாயிண்ட் நாலு. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. மன்னிச்சிருங்க.'

அஞ்சு பாயிண்ட் நாலு. அப்படின்னா அந்தப் போலீஸ்காரத் தம்பி சொன்ன அஞ்சு நெசம். அந்த ரோட்டுலயே அன்னைக்கு எனக்கு உள்ளதைச் சொன்னது அது ஒண்ணுதான், அதைத்தான் நான் ஏசியிருக்கேன்.

எனக்குக் கோவம்னா கோவம். எதுக்குன்னு நினைக்கிற? பொய் சொன்னதுக்கா? அதுக்கில்ல. அது நல்ல பொய்யி, நான் சொல்ற அஞ்சை விட நல்ல பொய்யி, பாயிண்ட்டெல்லாம் வச்சுச் சொன்ன பொய்யி. பதினேழு வருஷமாச் சொல்ற எனக்கே அது தோணினதில்ல. வந்து ஒத்துக்கிட்டாரு பாரு, அதுக்குத்தான் கோவம். நான் கேட்டேன், 'ஏன் சார்? எத்தனை ஆயிரம் பேருக்கு நான் தூரம் சொல்லியிருக்கேன். ஒருத்தர் பின்னாடியாவது ஓடிப்போயி, ஐயா அது அஞ்சு இல்ல, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லியிருக்கேனா? சொன்னா சொன்னதுதான். நடந்தவங்க நடந்துட்டாங்க. இப்ப வந்து எதுக்கு சார் அளந்து காட்டுறீங்க?' அவரு சொன்ன நிமிஷம், ஆறிப்போன கொப்புளமெல்லாம் திரும்ப வலி எடுக்குது. அதுவரைக்கும் நான் ரெண்டு கிலோமீட்டர் நடந்த கால்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

அன்னையில இருந்து பேச்சை விட்டுட்டேன். மூணு இட்லின்னா மூணு. ரெண்டாவது தடவை சட்னி கிடையாது. ஒன்னரை மாசம் அப்படியே போச்சு. அவரும் சலிக்காம வருவாரு, தின்பாரு, தட்டை எடுத்து வச்சுட்டுப் போவாரு.

பங்குனியில எங்க வீட்டுக்காரரை மதுரைக்கு வரச் சொல்லியிருந்தாங்க, எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாக்க. அவரு இப்ப மாவு மிஷினுக்குப் போயிருக்காரு, அதனாலதான் இதை இம்புட்டு சத்தமாச் சொல்றேன். கிளம்புற அன்னைக்குப் பாத்தா பஸ் ஸ்டாப்புல பாயிண்ட் சார் நிக்கிறாரு. பழைய ரிப்போர்ட்டையெல்லாம் தேதி வாரியா அடுக்கி ஒரு ஃபைல் போட்டுக் கையில வச்சிருக்காரு. நான் கூப்பிடலை. வேணாம்னும் சொல்லலை. டாக்டர் பேசுற இங்கிலீசு எங்களுக்குப் புரியாது.

ஆஸ்பத்திரியில எல்லாம் எடுத்தாங்க. கடைசியா எங்க வீட்டுக்காரரை இன்னொரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாயிண்ட் சார் ஃபைலோட டாக்டர் ரூமுக்குள்ள போனாரு. நான் வராந்தாவுல எங்க வீட்டுக்காரரு சட்டையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உள்ள ரொம்ப நேரம் பேசினாங்க. வெளிய வந்தவரு என் முன்னாடி வந்து நின்னாரு.

'என்ன சார் சொன்னாரு?' ஒன்னரை மாசம் கழிச்சு நான் அவருகிட்ட பேசின மொத வார்த்தை.

அவரு கண்ணு கீழ போச்சு. என் காலைப் பாத்தாரு.

'பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா'ன்னாரு.

பத்து. காய்ச்சலுக்கும் மழைக்கும் பாயிண்ட் வைக்கிற மனுஷன் பத்துங்கறாரு. பயந்துட்டேன். இம்புட்டு வருஷமா நம்பர் சொல்லிப் பொழைக்கிறவ நான், ஒரு நம்பர் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? அளந்த நம்பரைச் சொல்றவங்க உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாங்க. உன் காலைப் பாத்துட்டுச் சொன்னா, அது உனக்காகப் போட்ட நம்பர்.

கேட்டிருக்கலாம். சார், பாயிண்ட்டோட சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. என் மூஞ்சியப் பாத்து ரெண்டாவது தடவை அவரால சமாளிக்க முடியாது. நான் கேக்கலை.

'சார்'னேன். 'இதுக்கு மட்டும் எட்டு நாள் கழிச்சு என் கடை வாசல்ல வந்து நின்னுடாதீங்க.'

அவரு தலைய ஆட்டினாரு. சட்டைப்பையில இருந்து அந்த நோட்டை எடுத்தாரு. தேதி போட்டாரு, எங்க வீட்டுக்காரரு பேரை எழுதினாரு, பக்கத்துல பத்துன்னு நம்பரை எழுதினாரு. எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. ஒண்ணு, சைபர், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பேனாவ மூடிப் பையில செருகிட்டு, 'வாங்கம்மா, அவருக்குப் பசிச்சிருக்கும்'னாரு.